ராவிலே ஒரு குளிகை

பெரியம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தது மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு மருத்துவமனை. செங்கோட்டைக்காரர்களுக்கு இது புதிதில்லை. புளியரை தாண்டி, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூருக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் வைத்தியம் பார்த்துவிட்டு வருவது எங்கள் பக்கத்தில் பழகிப்போன வழக்கம். மருந்தை எடுத்துக் கொடுத்தவர், "ராவிலே ஒரு குளிகை" என்று சொல்லியிருக்கிறார். பெரியம்மாவும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

மலையாளத்தில் 'ராவிலே' என்றால் காலையில். எங்கள் பேச்சில் 'ராவுல' என்றால் ராத்திரியில்.

ஆறு மாதம் அந்த மாத்திரையை ராத்திரிச் சாப்பாடு முடிந்த கையோடு, எலும்புக்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார். தைராக்சின் மாத்திரை வெறும் வயிற்றில்தான் ஒழுங்காக உடம்பில் சேரும். போட்ட பிறகு அரை மணி நேரமாவது காப்பிகூடக் குடிக்கக் கூடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேர இடைவெளி வேண்டும் என்பார்கள். இங்கே மூன்றும் ஒன்றாகப் போயிருக்கின்றன. தைராய்டு போதாவிட்டால் ஏறி நிற்கும் டி.எஸ்.எச். என்ற அளவு ரத்தப் பரிசோதனையில் குறையவில்லை. மருத்துவர் 50 மைக்ரோகிராமை 75 ஆக்கினார். அடுத்த முறையும் குறையவில்லை, 100 ஆக்கினார். தாளில் இருந்த எண்ணைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அதற்கடுத்த முறை போனபோது, தமிழ் தெரிந்த ஒரு சிஸ்டர் வேறு மாதிரி கேட்டார். "ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டிருந்தால் பெரியம்மா "ஆமா" என்றிருப்பார், அது உண்மையும்கூட. சிஸ்டர் கேட்டது, "எப்ப சாப்பிடுறீங்க, எதோட சாப்பிடுறீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க." பெரியம்மா சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாத்திரை திரும்ப 50-க்கு வந்தது, காலம்பற வெறும் வயிற்றில்.

இந்தக் கதையில் எங்கே தவறு நடந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். சொன்னவர் அவருடைய மொழியில் சரியாகச் சொன்னார். கேட்டவர் அவருடைய மொழியில் சரியாகப் புரிந்துகொண்டார். மருத்துவர் கையில் இருந்த எண்ணுக்குச் சரியாக மருந்து எழுதினார். யாருடைய அலட்சியத்தையும் என்னால் காட்ட முடியவில்லை. தனித்தனியாகச் சரியாக இருந்தவை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போன இடத்தில் தப்பாகிவிட்டன. அதன் பிறகு வேறு துறைகளில் பிழைகள் எப்படி உண்டாகின்றன என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, எங்கள் ஊர் மாதிரியான எல்லைகள் எல்லாத் துறைக்குள்ளும் இருக்கின்றன என்று தெரிந்தது.

முதலில் எங்கள் வீட்டுப் பத்திரம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். அதனால் பழைய ஆவணங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதை ஆங்கில ஆண்டாக மாற்ற 825-ஐக் கூட்டு என்று எல்லோரும் சொல்லித் தருவார்கள். அது பாதிதான் சரி. கொல்லம் ஆண்டு இந்தப் பக்கம் சிங்க மாதம், அதாவது நம் ஆவணியில் பிறக்கிறது. ஆகவே ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிகளுக்கு 824 கூட்ட வேண்டும். ஜனவரிக்குப் பிறகு வரும் மாதங்களுக்குத்தான் 825. 1110 சிங்கம் என்றால் 1934, அதே 1110 மேடம், அதாவது நம் சித்திரை என்றால் 1935. போதாக்குறைக்கு வட மலபாரில் இதே ஆண்டு கன்னி மாதத்தில் பிறக்கும். எங்கள் தாத்தா பெயரில் உள்ள சிங்க மாதப் பத்திரம் ஒன்றை, பிறகு எழுதிய பத்திரத்தில் 1935 என்று குறித்துவிட்டார்கள். ஒரே ஒரு வருஷம். மூலப் பத்திரத்தின் ஆண்டு ஒத்துப்போகவில்லை என்று வங்கி வக்கீல் கடனை நிறுத்தி வைத்தபோதுதான் அது வெளியே வந்தது.

இடத்தின் அளவும் இப்படித்தான். கேரளத்தில் பத்திரத்தில் ஆர் என்ற மெட்ரிக் அலகைப் போடுகிறார்கள், பேச்சில் இரண்டு பக்கமும் சென்ட். 1 ஆர் கிட்டத்தட்ட 2.47 சென்ட். எண்ணை மட்டும் காதில் வாங்கி அலகைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதே தவறு வானத்திலும் நடந்திருக்கிறது. செவ்வாயின் வானிலையை ஆராய அமெரிக்காவின் நாசா அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்துபோனது. விண்கலத்தின் சிறு உந்துதல்களைக் கணக்கிட்ட தரைநிலைய மென்பொருள், விடையைப் பவுண்டு அலகில் கொடுத்தது. அதை வாங்கிப் பாதையைக் கணித்தவர்கள் அது நியூட்டன் அலகில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டுக்கும் 4.45 மடங்கு வித்தியாசம். பல மாதப் பயணத்தில் அது சேர்ந்து சேர்ந்து, கலம் செவ்வாயை நினைத்ததைவிட மிகத் தாழ்வாக நெருங்கிவிட்டது. பாதை கொஞ்சம் விலகுகிறதே என்று வழியிலேயே சிலருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. அந்தச் சந்தேகம் உரிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. என்னை மிகவும் வருத்துவது இந்த இடம்தான்.

ஒரு சொல் எப்படி ஆளைக் கொல்லும் என்பதற்கு விமானத் துறையில் இதைவிடக் கொடிய சான்று உண்டு. 1977 மார்ச் 27, ஸ்பெயினைச் சேர்ந்த டெனரீஃப் தீவு. ஓடுபாதையில் மூடுபனி. கே.எல்.எம். என்ற டச்சு நிறுவனத்தின் விமானத்தில் இருந்த துணை விமானி, "நாங்கள் இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்" என்ற பொருளில் ரேடியோவில் ஏதோ சொல்கிறார். கிளம்பிவிட்டோம் என்று அவர் சொன்னதை, கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறை எடுத்துக்கொண்டு "ஓகே" என்றது. 'காத்திருங்கள்' என்று அது தொடர்ந்து சொன்னதும், எதிரே அதே பாதையில் இருந்த பான் ஆம் என்ற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் 'நாங்கள் இன்னும் பாதையில்தான் இருக்கிறோம்' என்று சொன்னதும் ஒரே நொடியில் மோதி, ரேடியோவில் வெறும் கீச்சொலியாகிவிட்டன. 583 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது. கிளம்ப அனுமதி கொடுக்கும்போதோ அதை ரத்து செய்யும்போதோ தவிர வேறு எப்போதும் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லையே வாயில் எடுக்கக் கூடாது. அனுமதியைக் கேட்டவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், வெறும் "சரி" போதாது. என் பெரியம்மாவிடம் அந்த சிஸ்டர் கேட்டாரே, அதே முறை. மருத்துவத்திலும் இன்று இதை ஒரு வழிமுறையாகவே சொல்லித்தருகிறார்கள்.

டெனரீஃபில் இன்னொன்றும் நடந்தது. கே.எல்.எம். விமானத்தில் இருந்த பொறியாளர், "அந்த விமானம் இன்னும் விலகவில்லையோ?" என்று கேட்டிருக்கிறார். கேப்டன் அந்த நிறுவனத்திலேயே மூத்த பயிற்சியாளர். விலகிவிட்டது என்று அழுத்தமாகச் சொன்னார். அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர் நினைவுதான் வந்தது. நாம் பெரியவரிடம் "அண்ணாச்சி, நீங்க செய்றது தப்பு" என்று சொல்ல மாட்டோம். "இல்ல அண்ணாச்சி, ஒருவேளை இப்படியும் இருக்குமோ" என்று இழுப்போம். வீட்டிலும் கடையிலும் அது நல்ல பழக்கம். நூறு பேரைச் சுமந்துகொண்டு இறங்கும் விமானத்தில் அந்த இழுப்புக்கு நேரம் இல்லை.

2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள், எட்டுப் பேர் மட்டும் தப்பினார்கள். இறங்கும் வேகமும் உயரமும் சரியில்லை என்று கண்ட துணை விமானி, மேலே எழும்பிச் சுற்றி வரலாம் என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். 2020 ஆகஸ்ட் 7 அன்று துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கு வந்த விமானம் மழையில் இறங்கியது. அதிலும் துணை விமானி சுற்றி வரச் சொன்னார், கேப்டன் இறக்கினார். 21 பேர் இறந்தார்கள், இரண்டு விமானிகளும் சேர்த்து. இரண்டும் மலை உச்சியைச் சமப்படுத்திக் கட்டிய ஓடுபாதைகள், ஓடித் தாண்டினால் பள்ளம். தென்காசி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் கேரள விமான நிலையங்கள் வழியாகத்தான் பெரும்பாலும் வந்து போகிறார்கள், அதனால் இந்தச் செய்திகள் எங்களுக்குத் தூரத்துச் செய்திகள் இல்லை.

விமானிகளின் அறையில் இருக்கிற பெரியவர்-சின்னவர் சுவரைத் தணிக்க 1979-இல் நாசா கூட்டிய ஒரு பயிலரங்கிலிருந்து தனிப் பயிற்சி முறையே உருவானது. எதிர்த்துப் பேசச் சின்னவருக்கும், கேட்டுக்கொள்ளப் பெரியவருக்கும் பயிற்சி. இன்று பல நிறுவனங்களில் யார் "சுற்றி வா" என்றாலும் கேள்வி கேட்காமல் சுற்றி வர வேண்டும் என்பது விதி. விதி இருந்தும் கோழிக்கோடு நடந்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாக்கில் ஊறிய மரியாதை ஒரு சுற்றறிக்கையில் போய்விடுவதில்லை.

அறுவை சிகிச்சைக் கூடத்துக்கும் இது வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் 19 வரிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புத் தாளை வெளியிட்டது. எட்டு நகர மருத்துவமனைகளில், டெல்லியும் அதில் ஒன்று, அதைப் பயன்படுத்திப் பார்த்தபோது அறுவை சிகிச்சைக்குப் பின் இறப்பவர்கள் 100-க்கு 1.5 பேர் என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தார்கள். அதில் ஒரு வரி, கத்தி வைப்பதற்கு முன் கூடத்தில் இருக்கிற எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது. ஒரு முறை பேசிவிட்டவருக்கு மறுபடி பேசுவது கொஞ்சம் எளிது.

ரயில்வே இதை வேறு வழியில் தீர்த்திருக்கிறது. எனக்கு அதன்மேல் தனிப் பிரியம் உண்டு, செங்கோட்டை-புனலூர் பாதையைப் பார்த்து வளர்ந்தவன் என்பதால். 1904-இல் திறந்த பாதை, மலைக்குள் குகையும் பதின்மூன்று கண் பாலமுமாக ஏறி இறங்கும். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடக் கூடாது. "ஜாக்கிரதையாக இருங்கள்" என்று மனிதர்களிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது. அதற்குத்தான் டோக்கன் முறை. இரண்டு ஸ்டேஷன்களிலும் உள்ள கருவிகள் மின்சாரத்தால் பிணைக்கப்பட்டிருக்கும். ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அது இந்தக் கருவியிலோ எதிர்க் கருவியிலோ திரும்பப் போய் விழும் வரை இன்னொன்றை எடுக்கவே முடியாது. கையில் டோக்கன் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. தூக்கக் கலக்கத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் தப்பு செய்யப் பார்த்தாலும் கருவி விடாது. செங்குத்தான மலைப் பாதைகளில் இன்னும் ஒரு படி மேலே போய், பிரேக் பிடிக்காமல் இறங்கி வரும் வண்டியை மேட்டில் ஏற்றி மணலில் நிறுத்தத் தனிக் கிளைத் தண்டவாளமே போட்டு வைப்பார்கள். பிழை நடக்கும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்கள் செய்த வேலை அது.

விபத்து நடந்தால் விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர், ரயில்வே அமைச்சகத்தின்கீழ் வருவதில்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின்கீழ் வருகிறார். தன் பிழையைத் தானே விசாரிக்கக் கூடாது என்பதற்காக. அப்படியும் மக்கள் எல்லா முடிவையும் ஏற்றுக்கொள்வதில்லை. 1988 ஜூலை 8 அன்று கொல்லத்துக்குப் பக்கத்தில் பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடி காயலில் விழுந்து 105 பேர் இறந்தார்கள். சுழல்காற்றுதான் காரணம் என்றது விசாரணை. அந்தப் பதிலை இன்றும் அங்கே நம்பாதவர்கள் நிறைய.

சரி, பிழையைக் கண்டுபிடித்த பிறகு அதை என்ன செய்வது? இதற்கு நம்மிடமே நல்ல மரபு இருக்கிறது. ஓலையில் எழுதியபோது புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை கிழியும் என்பார்கள். அந்தப் புள்ளி இல்லாததால் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு தெரியாது. காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். 'எரி'யா 'ஏரி'யா, 'தரம்' என்பதா 'தாம்' என்பதா என்று இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஒருவர் பெயர்த்தெழுதியதைப் பார்த்து இன்னொருவர் பெயர்த்தெழுத, பிழையும் கூடவே வளரும். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்று பழமொழியே உண்டு.

1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளைத் தேடிச் சேர்த்து ஒப்பிட்டார். தனக்குச் சரி என்று பட்டதை மேலே போட்டார். மற்ற ஏடுகளில் இருந்ததைத் தூக்கிப் போடாமல் பாடபேதம் என்று குறித்து வைத்தார். நாளைக்கு ஒருவர் வந்து 'ஐயர் எடுத்தது சரியில்லை, கீழே இருப்பதுதான் சரி' என்று சொல்ல வழி வைத்தார். தன் பிழைக்கும் இடம் ஒதுக்கி வைப்பது என்றால் எனக்கு அந்த அடிக்குறிப்புதான் நினைவுக்கு வரும். அவர் ஏடு தேடி எங்கள் மாவட்டத்துக் கரிவலம்வந்தநல்லூருக்கு வந்தபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டோம் என்று சொன்னார்களாம். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரதி இல்லாவிட்டால் பிழை பிழையென்றே தெரியாது.

கணக்குப்பிள்ளைகளும் இந்த மரபுக்காரர்கள்தான். பேரேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. எதிர்ப்பதிவு போட்டுத்தான் திருத்த வேண்டும். பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வு ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் நிறுத்தி வைத்துவிட்டுத் தேடுவார்கள். மறைக்காமல், பெயர் போட்டு வைத்த ஐயம் அது. வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு எண்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது அவர்கள் முதலில் பார்க்கும் துப்பு. 540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. ஆனால் இருப்பாய்வு ஒத்துப்போய்விட்டதாலேயே கணக்கு சரி என்றாகாது, எழுதாமலே விட்ட பதிவு இரண்டு பக்கமும் விட்டுப்போயிருக்கும்.

எல்லா விலகலும் பிழை என்று நம் இலக்கணக்காரர்களும் நினைக்கவில்லை. தவறினால் வழு, தவறாவிட்டால் வழாநிலை, அப்புறம் காரணம் இருப்பதால் ஏற்றுக்கொள்ளும் வழுவமைதி என்று மூன்று வைத்தார்கள். பிரியத்தில் பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்பது, அஃறிணையை உயர்திணையாகச் சொல்வதால், திணை வழு. ஆனால் காரணம் தெரிகிறது, ஆகவே அமையும். என்ன நடந்தது என்பதோடு ஏன் நடந்தது என்றும் கேட்ட பிறகே தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில், மருத்துவரின் ஒவ்வொரு தவறான முடிவும் குற்றமாகாது, மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு என்று சொன்னதை நான் இதோடு சேர்த்துத்தான் வாசிக்கிறேன்.

கேரளத்துக்குள் நுழைந்தால் எச்சரிக்கைப் பலகைகளில் 'பிழ' என்று இருக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற நம்மவர்கள் பிழை என்று எடுத்துக்கொள்வார்கள். அங்கே அதற்கு அபராதம் என்று பொருள். தமிழில் பிழைப்பது என்றால் தவறுவதும்தான், உயிரோடு இருப்பதும்தான். ஒரே வேர், மலைக்கு இரண்டு பக்கம் இரண்டு வழியில் போயிருக்கிறது. துறைகளும் அப்படித்தான் பிரிந்து நிற்கின்றன. அமெரிக்காவில் 1976 முதல், விமானி தான் செய்த தவறை, அது விபத்திலும் குற்றத்திலும் முடியாமல் தற்செயலாக நேர்ந்ததாக இருந்தால், பத்து நாளுக்குள் தானே எழுதி அனுப்பினால் தண்டனையிலிருந்து விலக்கு உண்டு. கடிதங்களை வாங்குவது தண்டிக்கும் துறை இல்லை, நாசா. பயம் இல்லாததால் எழுதுகிறார்கள், எழுதுவதால் அடுத்த விபத்துக்கு முன்பே துப்பு கிடைக்கிறது. தவறான மருந்தைக் கொடுத்துவிட்ட நர்ஸ் நாளை வேலை போகுமோ என்று நடுங்கும் இடத்தில் அந்தத் துப்பு அவரோடேயே புதைந்துவிடும். நம் மருத்துவமனைகளில் இது மாற வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

கடைசியாக, எல்லை ஊர்களில் தினமும் நடப்பது ஒன்று. ஆதாரின் 12 எண்களில் கடைசி எண், மற்ற 11-ஐயும் காவல் காக்கும் எண். வெர்ஹூஃப் என்ற டச்சு நாட்டுக் கணிதவியலாளரின் முறை அது. ஒரு எண்ணைத் தப்பாகத் தட்டினாலும், பக்கத்து எண்கள் இரண்டை மாற்றித் தட்டினாலும் காட்டிக்கொடுத்துவிடும். பெயருக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. தங்கம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தப் பக்கம் ஜி போடுவோம், அந்தப் பக்கம் கே போடுவார்கள். பழனிக்கு ஒரு பக்கம் எல், இன்னொரு பக்கம் இசட்-எச். அங்கே படித்த சான்றிதழ் ஒன்றாகவும் இங்கே எடுத்த ரேஷன் கார்டு ஒன்றாகவும் இருக்கும். இரண்டும் சரியானவை. பென்ஷன் கவுண்டரில் மட்டும் அவர்கள் இரண்டு ஆட்கள் ஆகிவிடுவார்கள். நிரூபிக்கும் பாரம் முழுக்க அந்த அம்மாவின் தலையில். அஃபிடவிட், நோட்டரி, மறுபடி வரிசை. எழுதும்போதே "நான் எழுதியதை ஒரு தடவை வாசிக்கிறேன், சரியா பாருங்கம்மா" என்று கேட்டால் அரை நிமிஷம் ஆகும்.

எங்கள் பத்திரத்துக்குப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பழையதை யாரும் தொடக் கூடாது, 1935 அப்படியே இருக்கும், அதன் பக்கத்தில் 1934 என்று புதிய ஆவணம் வந்து நிற்கும். அதற்கு அன்று எழுதிக் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும், இல்லாதவர்களுக்கு வாரிசுகளும், கையெழுத்துப் போட வேண்டும். எழுதிக் கொடுத்தவரின் மகன் இப்போது புனலூரில் இருக்கிறார். போனில் பேசினேன், அடுத்த வியாழக்கிழமை வருகிறேன் என்றார். "ராவிலேயே வந்துருவேன்" என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "ஒன்பது மணி, காலையில்" என்று அவரே தமிழில் திருப்பிச் சொன்னார்.